கடலுக்கும் கீழே, மண்ணுக்கும் கீழே, யார் இருக்காங்க?

இந்த மாதக் கேள்வி மெல்பர்னிலிருந்து வந்திருக்கிறது. கேட்டது ஒன்பது வயதுப் பெண் குழந்தை. "கடலுக்கு அடியில மீன் இருக்கு. அதுக்கும் கீழ மண்ணு இருக்கு. அந்த மண்ணுக்குள்ள யாராவது இருக்காங்களா அம்மா?"

கேள்வி தமிழில்தான் வந்தது. பதில்தான் ஆங்கிலத்தில் போயிருக்கிறது. அந்த அம்மா எழுதியிருக்கிறார்: "நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். சாப்பிட்டியா, பல் தேய்ச்சியா, சத்தம் போடாதே வரைக்கும் என் தமிழ் ஓடும். இந்த மாதிரிக் கேள்வி வந்தா மூச்சு வாங்குது. அவளும் அதைக் கவனிச்சுட்டா. இப்பல்லாம் பெரிய கேள்வின்னா நேரா இங்கிலீஷ்லயே கேட்கிறா."

கடைசி வரியை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. குழந்தைக்குத் தமிழ் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவள் கணக்குப் போட்டுவிட்டாள். தமிழ் என்பது அதட்டுவதற்கும் சோறு போடுவதற்கும். யோசிக்கிறதுக்கு வேற மொழி இருக்கு. நம்மில் பல பேர் வீட்டில் இந்தக் கணக்கு ஏழெட்டு வயதிலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் சனிக்கிழமை வகுப்புக்கு எத்தனை வருஷம் காரோட்டினாலும் அதை மாற்றுவது கஷ்டம்.

நானும் நான்கு வயதில் ஆக்லாந்து வந்தவள்தான். அதனால் இந்த மாதம் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். படித்துவிட்டு, இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில் உங்க பிள்ளைக்கு இதை உங்க சொந்தத் தமிழில் சொல்லணும். ஆக்சிஜன், கார்பன் எல்லாம் அப்படியே ஆக்சிஜன், கார்பன்தான். அதில் வெட்கம் வேண்டாம். ஊரிலும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

முதலில் நேரான பதில்: இருக்காங்க. நிறைய பேர் இருக்காங்க. உலகத்துக் கடலடி மண்ணுக்குள் எத்தனை நுண்ணுயிர்கள் இருக்கும் என்று 2012-ல் ஓர் ஆய்வுக் குழு கணக்குப் போட்டது. 29 என்று எழுதி, பின்னால் 28 பூஜ்யம் போடுங்கள். அவ்வளவு. பிள்ளைகளை ஒரு பேப்பரில் எழுதச் சொன்னால் ஐந்து நிமிடம் வீடு அமைதியாக இருக்கும்.

அந்த மண் எங்கிருந்து வருகிறது? ஆறு கொண்டுவந்து போடுகிற நைசான மண்ணுக்கு வண்டல் என்று பெயர். காவிரிக் கரை விவசாயிகள் சொல்லும் அதே வண்டல்தான். கடலிலும் வண்டல் படிகிறது. கரைக்குப் பக்கத்தில் ஆறு கொண்டுவருவது. நடுக்கடலில் காற்றில் வந்த தூசி, எரிமலைச் சாம்பல், செத்துப்போன நுண்ணிய உயிரினங்களின் ஓடுகள், மீன் கழிவு. எல்லாம் மேலேயிருந்து மெல்ல மெல்ல இறங்கிப் படியும். படியும்போது சில நுண்ணுயிர்களும் அதோடு சேர்ந்து புதைந்துபோகும். மேலே அடுத்த அடுக்கு. அதற்கு மேலே இன்னொன்று.

ஆழத்தில் உயிர் இருக்காது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1955-ல் மொரீட்டா, சோபெல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பசிபிக் கடலடி மண்ணை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் உணவு கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 7.47 மீட்டர் ஆழத்துக்குக் கீழே எடுத்த மண்ணில் ஒன்றும் வளரவில்லை. அங்கேயே கோடு போட்டார்கள்: உயிர்கள் வாழும் உலகம் இங்கே முடிகிறது என்று. ஏழரை மீட்டர், நம்ம வீட்டு மாடி உயரம்தான்.

1994-ல் ஜான் பார்க்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவர் குழுவினரும், பசிபிக்கில் 500 மீட்டருக்கும் கீழே எடுத்த வண்டலில் நுண்ணுயிர்கள் இருப்பதைக் காட்டினார்கள். கோடு போட்ட இடத்தில் உயிர் முடியவில்லை. நாம் வைத்த தட்டில், நாம் போட்ட சாப்பாட்டில், நாம் காத்திருந்த நேரத்துக்குள் அவை வளரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். 2010 அக்டோபரில் தஹிட்டித் தீவின் பப்பீட்டேயிலிருந்து ஒரு கப்பல் கிளம்பியது. பெயர் ஜாய்டிஸ் ரெசல்யூஷன். நடுவில் உயரமான இரும்புக் கோபுரம், அதிலிருந்து கடலுக்குள் இறங்கும் குழாய். அமெரிக்காவின் ஸ்டீவன் டோண்ட்டும் ஜப்பானின் ஃபூமியோ இனகாகியும் ஆய்வுக் குழுவின் தலைவர்கள். தென் பசிபிக்கின் நடுவே இரண்டு மாதம் சுற்றித் துளை போட்டுவிட்டு, டிசம்பரில் ஆக்லாந்து துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஏன் அந்த இடம்? உலகத்திலேயே மிகத் தெளிந்த கடல் நீர் அங்கேதான். தெளிவு என்றால் நல்லதுதானே என்று பிள்ளைகள் கேட்கும். கடலில் தெளிவு என்றால் பட்டினி. நிலத்திலிருந்து வெகுதூரம், ஆறு எதுவும் வந்து சேருவதில்லை. சத்து இல்லை, அதனால் பாசி இல்லை, அதனால் கீழே விழ எதுவும் பெரிதாக இல்லை. கடல்களின் பாலைவனம் என்று சொல்லலாம். இந்த இடத்து வண்டலில் உயிர் தாங்குமானால் வேறு எங்கேயும் தாங்கும் என்பதுதான் யோசனை.

துளை போட்ட இடங்களில் தண்ணீரின் ஆழம் 3,700 முதல் 5,700 மீட்டர் வரை. துபாய் புர்ஜ் கலீஃபாவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு அடுக்கினால்தான் 5,700 வரும். அவ்வளவு தூரம் குழாய் மேல் குழாயாக மாட்டி இறக்க வேண்டும். ஊரில் லாரி வைத்து போர் போடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஓரளவு புரியும். ஆனால் போர் போட்டால் மண் கூழாகத்தான் வெளியே வரும். இங்கே அப்படி வந்தால் பயன் இல்லை. உள்ளே வெறுமையான குழாயை மண்ணுக்குள் அழுத்தி, அடுக்குக் குலையாமல் வெளியே எடுப்பார்கள். குழாய்ப்புட்டு செய்யும் வீடாக இருந்தால் வேலை சுலபம். மாவு, தேங்காய்ப்பூ, மாவு, தேங்காய்ப்பூ என்று போட்டு, வெந்ததும் குச்சியால் தள்ளினால் அடுக்கு மாறாமல் வந்து விழுமே, அதுதான். அடியில் இருப்பது முதலில் போட்டது, அதாவது ரொம்பப் பழையது. ஒரு தடவைக்கு ஒன்பதரை மீட்டர் நீளப் புட்டு!

அந்தக் கடலில் வண்டல் சேருகிற வேகத்தைக் கேளுங்கள். ஓர் இடத்தில் சுமார் 75 மீட்டர் வண்டல் இருந்தது. அடியில் இருந்த மண்ணின் வயது 10 கோடியே 15 லட்சம் ஆண்டுகள். வகுத்துப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் சேர சராசரியாக 1,300 ஆண்டுக்கும் மேல் ஆகிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் கட்டி முடித்தது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடச் சேர்ந்திருக்காது.

(கோடி, லட்சம் நமக்கே தடுமாறும். ஒரு சின்ன வழி: ஒரு மில்லியன் என்றால் பத்து லட்சம், பத்து மில்லியன் என்றால் ஒரு கோடி. 101.5 மில்லியனை 10-ஆல் வகுத்தால் 10.15 கோடி. பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், நம்மை விட வேகமாகப் போடுவார்கள்.)

அந்த அடிமண் படிந்த காலத்தில் டைனோசர்கள் இருந்தன. இமயமலை இல்லை. இந்தியா மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டு தெற்கே கிடந்தது. அப்போது படிந்த களிமண்ணை ஒரு கன சென்டிமீட்டர், ஒரு சின்னத் தாயக்கட்டை அளவு, எடுத்துப் பார்த்தால் அதில் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் உயிரணுக்கள். நம்ம தோட்டத்து மண்ணில் ஒரு கிராமிலேயே கோடிக்கணக்கில் இருக்கும்.

அவை உயிரோடு இருக்கின்றனவா, அல்லது ஊறுகாய் மாதிரி கெடாமல் கிடக்கும் பிணமா? ஜப்பானின் யூகி மொரோனோவும் அவரது குழுவினரும் இதைத்தான் சோதித்தார்கள். வழி ரொம்ப எளிமை: சாப்பாடு போட்டுப் பார்ப்பது. ஆனால் சாதாரணச் சாப்பாடு போட்டால் சாப்பிட்டதா இல்லையா என்று தெரியாது. அதனால் கொஞ்சம் எடை கூடின கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சாப்பாடு. நாவல்பழம் தின்ற பிள்ளை "நான் எடுக்கல" என்று சொன்னாலும் நாக்கு காட்டிக் கொடுக்குமே, அந்த மாதிரி. பிறகு ஒவ்வோர் உயிரணுவையும் தனித்தனியாக ஒரு நுட்பமான கருவியில் வைத்து, அந்தக் கார்பனும் நைட்ரஜனும் உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். மொத்தம் 6,986 உயிரணுக்கள்.

பெரும்பாலானவை சாப்பிட்டிருந்தன. 68 நாளுக்குள் சில மாதிரிகளில் எண்ணிக்கை பத்தாயிரம் மடங்கு கூடியிருந்தது. 10 கோடி ஆண்டு பழைய மண்ணிலும் அப்படித்தான்: அங்கிருந்தவற்றில் 99 சதவீதம் வரை உயிரோடு இருந்தன என்று 2020 ஜூலையில் வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில் உங்க பிள்ளை சும்மா இருக்காது. என் மகளிடம் சொன்னபோது வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் தருகிறேன்.

"மேல இருக்கிற கிருமி உள்ள போயிருந்தா?"

நல்ல கேள்வி, விஞ்ஞானிகளுக்கும் இதே பயம்தான். அதனால்தான் துளை போடப் பயன்படுத்தும் தண்ணீரில் ஓர் அடையாள ரசாயனத்தைக் கலந்து விடுவார்கள். பிறகு மண்ணின் வெளிப்பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். அதில் அந்த ரசாயனம் தெரிந்தால் வெளித்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம், அந்தத் துண்டு வேண்டாம். மேலும் அந்தக் களிமண் ரொம்ப நெருக்கம். துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள சந்து உயிரணுவை விடச் சின்னது. நகர்ந்து மேலேயும் கீழேயும் போக வழியே இல்லை.

"அப்போ அதுங்களுக்கு 10 கோடி வயசா?"

இங்கே கவனம் வேண்டும். பத்திரிகைகளில் அப்படித்தான் தலைப்புப் போட்டார்கள். மண்ணின் வயதுதான் 10 கோடி. உள்ளே மாட்டிக்கொண்ட கூட்டம் அங்கேயே, வெளியே போகாமல், அத்தனை காலம் தாங்கியிருக்கிறது. நடுவில் எப்போதாவது ஒன்று இரண்டாகப் பிரிந்ததா, அல்லது அதே உயிரணு பழுது பார்த்துக்கொண்டே இருந்ததா என்பது இன்னும் தீராத கேள்வி. இதைப் பிள்ளையிடம் அப்படியே சொல்லுங்கள். "இது இன்னும் யாருக்கும் தெரியாது கண்ணு" என்று தமிழில் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, தமிழிலும் புதுசா ஏதாவது கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும்.

"பசிக்காதா?"

நம்ம குடலில் இருக்கும் ஈ.கோலை, வசதி கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். ஆழ மண்ணில் இருப்பவை அப்படி இல்லை. ஒரு உயிரணு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நூற்றுக்கணக்கான ஆண்டுகள், சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். செலவு அவ்வளவு குறைவு. தென் பசிபிக் மண்ணில் இன்னொரு வினோதம். தின்பவர்கள் ரொம்பக் கம்மி என்பதால் ஆக்சிஜன் மீந்துபோய், கீழே உள்ள பாறை வரைக்கும் மண்ணில் இருக்கிறது. பழைய உணவு மிச்சம் கொஞ்சம் உண்டு. அதோடு, மண்ணிலேயே இயற்கையாக இருக்கும் கதிரியக்கம் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜனை உண்டாக்குகிறது. அந்த ஹைட்ரஜனும் சாப்பாடு. சூரியனே இல்லாத சமையல்!

"இன்னும் கீழ போனா?"

போனார்கள். 2012-ல் ஜப்பானின் சிக்யூ என்ற கப்பல், ஷிமோகிதா தீபகற்பத்துக்கு அருகே கடலடியிலிருந்து 2,466 மீட்டர் ஆழம் வரை துளைத்தது. அங்கே ஒரு காலத்தில் காடாக இருந்து நிலக்கரியாகிப்போன அடுக்குகள். அதிலும் நுண்ணுயிர்கள். 2016-ல் அதே கப்பல் நன்காய் அகழிக்குப் போனது. அங்கே பூமி சூடு. 1,180 மீட்டர் ஆழத்தில் 120 டிகிரி செல்சியஸ். இட்லிப் பானையை விடச் சூடு. அந்தச் சூட்டிலும் உயிரணுக்கள் கிடைத்தன. ஆனால் எல்லா ஆழத்திலும் இல்லை. நடுவில் ஒன்றுமே தென்படாத பகுதிகளும் இருந்தன.

நம்ம பக்கத்துக் கடலுக்கும் இதில் பங்கு உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுபோய் வங்காள விரிகுடாவில் கொட்டிய வண்டல், இலங்கையையும் தாண்டி 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. உலகத்திலேயே பெரிய கடலடி வண்டல் விசிறி அதுதான். 2006-ல் இதே ஜாய்டிஸ் ரெசல்யூஷன் ஆந்திரக் கரைக்கு அப்பால், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளை போட்டபோது, மண்ணுக்குள் பனிக்கட்டி மாதிரி உறைந்த மீத்தேன் தடிமனான அடுக்காகக் கிடைத்தது. தீக்குச்சி வைத்தால் எரியும் பனி. அந்த மீத்தேனில் பெரும்பங்கை உண்டாக்கியது, ஆக்சிஜன் இல்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். கண்ணுக்குத் தெரியாத இவை சேர்த்து வைத்ததை எரிபொருளாக எடுக்கலாமா என்று இன்று அரசாங்கங்கள் யோசிக்கின்றன. எடுக்கும்போது மீத்தேன் கசிந்து மேலே வந்தால் பூமி இன்னும் சூடாகும். நம்ம பிள்ளைகள் பெரியவர்களாகி ஓட்டுப் போடும்போது இந்த விஷயம் அவர்கள் முன்னால் வரலாம்.

ஒரு வருத்தமான செய்தியும் சொல்லவேண்டும். 1985 முதல் ஆய்வுக்காக ஓடிய ஜாய்டிஸ் ரெசல்யூஷனுக்கு அமெரிக்கா பணத்தை நிறுத்திவிட்டது. 2024-ல் அதன் ஆய்வுப் பயணங்கள் முடிந்தன. சிக்யூ இருக்கிறது, சீனா 2024 நவம்பரில் மெங்சியாங் என்ற புதுக் கப்பலைக் கொண்டுவந்திருக்கிறது. எடுத்த மண் வீணாகவில்லை. டெக்சாஸிலும், ஜெர்மனியின் பிரெமனிலும், ஜப்பானின் கோச்சியிலும் (கேரளத்துக் கொச்சி இல்லை!) குளிர்பதன அறைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இன்று யாருக்கும் தோன்றாத கேள்வியை நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்துப் பார்க்கலாம் என்பதற்காக. பிரெமன் பக்கம் இருக்கும் பெற்றோர்களே, உங்க ஊரிலேயே கடலடி மண் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கீங்களா?

கடைசியாக, கையால் செய்ய ஒரு வேலை. ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1880-களில் கண்டுபிடித்தது.

உயரமான கண்ணாடி ஜாடி ஒன்று எடுங்கள். குளத்து ஓரத்துச் சேறு அல்லது கடற்கழி ஓரத்துக் கறுப்புச் சேறு, முக்கால் ஜாடிக்கு வேண்டும். பழைய செய்தித்தாளைப் பொடியாகக் கிழித்து ஒரு கைப்பிடி, ஒரு முட்டையின் மஞ்சள் கரு, இரண்டையும் அடிச் சேற்றோடு பிசைந்து போடுங்கள். மேலே மீதிச் சேறு. அதே குளத்துத் தண்ணீரை விரல் உயரத்துக்கு ஊற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். ஜாடியைத் திறந்து பார்க்கக் கூடாது, அழுகின முட்டை நாற்றம் தூக்கும்.

ஒன்றிரண்டு மாதத்தில் பச்சை, ஊதா, கறுப்பு என்று பட்டை பட்டையாக நிறம் வரும். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கூட்டம். மேலே ஆக்சிஜன் வேண்டியவை, கீழே அது ஆகாதவை. எல்லாம் சேர்ந்து செய்யும் வேலைக்கு நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது: மக்குதல். காய்கறித் தோலை உரத்தொட்டியில் போடும்போது "இது மக்கிடும்" என்று சொல்லிப் பழகுங்கள். மக்க வைப்பது யார் என்று ஒருநாள் கேள்வி வரும்.

ஜாடியில் வாரத்துக்கு ஒரு நாள் தேதி போட்டு நிறத்தைக் குறிக்கச் சொல்லுங்கள், தமிழில். எழுத்துப் பிழை இருந்தால் திருத்த வேண்டாம். முதலில் எந்த நிறம் வந்தது, எத்தனையாவது வாரத்தில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எந்த ஊர்ச் சேறு என்பதையும் மறக்காமல் போடுங்க. டொராண்டோ, சிங்கப்பூர், லண்டன், ஆக்லாந்து சேறுகளை ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.